அடக்கம் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் அதன் சரித்திரமும்



சனிக்கிழமை மாலையில் நம் சபை மண்டபத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பை நீங்கள் அறிவீர்கள். சபையில் தாதியராக வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து அதை நடத்துகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் அம்மம்மா, அப்பப்பா வயதினர். பஸ்ஸில் இடம் கேட்க, கடையில் சாமான் திருப்பிக் கொடுக்க, கவுன்சில் கடிதத்தை வாசிக்க என்றுதான் தொடங்கினோம். இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு காரியம் வகுப்பின் போக்கை மாற்றிவிட்டது.

கணவரை அடக்கம் செய்து ஆறு மாதமான ஒரு அம்மம்மா, நித்திரை இல்லை என்று தன் வைத்தியரிடம் போனார். மொழிபெயர்க்க உடன் போனவன் 13 வயதுப் பேரன். "எனக்கு விசர் பிடிச்சிடும் போல கிடக்கு. என்னைக் கட்டுப்படுத்த ஏலாமல் இருக்கு" என்று அவர் சொன்னார். பேரன் அதை ஆங்கிலத்தில், அம்மம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, அவருக்குத் தன்மேல் கொன்ட்ரோல் இல்லை என்று சொன்னான். வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாரையாவது அடிக்கத் தோன்றுகிறதா, குரல்கள் கேட்கின்றனவா என்று வரிசையாகக் கேட்டார். தன்னை எங்கேயோ கொண்டுபோய் அடைக்கப் போகிறார்கள் என்று அம்மம்மா பயந்துபோனார். அதன்பின் பல மாதங்கள் அவர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை. பிரஷர் குளிசைகூட வாங்கவில்லை.

அவர் சொல்ல வந்தது வேறு. நினைத்த நேரமெல்லாம் அழுகை வருகிறது, அதை அடக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

பேரனில் குற்றமில்லை. அவன் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மொழிபெயர்த்தான். வைத்தியரிலும் குற்றமில்லை. அந்தச் சொற்களைக் கேட்ட எந்த வைத்தியரும் அந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு சொல்லும் தன் முதுகில் ஒரு சரித்திரத்தைச் சுமந்து வருகிறது. அது தெரியாமல் சொல்லை மட்டும் தூக்கிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அதனால் மனத்தையும் தன்னடக்கத்தையும் பற்றிய ஆங்கிலச் சொற்களை வகுப்பில் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அதில் சிலவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கோபம் வருகிறதா, தொலைகிறதா?

தமிழில் கோபம் "வரும்". எனக்குக் கோபம் வருகிறது என்கிறோம், மழை வருவதுபோல, விருந்தாளி வருவதுபோல. ஆங்கிலத்திலோ கோபப்பட்டவர் தன் டெம்பரை "தொலைத்துவிட்டார்" என்பார்கள். வகுப்பில் ஒரு அப்பப்பா கேட்டார்: "கோபம் தொலைஞ்சால் நல்லதுதானே பிள்ளை?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

டெம்பர் என்றால் முதலில் கோபம் இல்லை. அளவாகக் கலப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து அது வந்தது. பழைய கிரேக்க வைத்தியத்தின்படி மனித உடலில் நான்கு நீர்கள் உண்டு: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை சரியான அளவில் கலந்திருந்தால் மனிதன் நிதானமாக இருப்பான். அந்தக் கலவைதான் டெம்பர். ஆகவே டெம்பரைத் தொலைப்பது என்றால் அந்த நிதானத்தைத் தொலைப்பது. இரத்தம் மிகுந்தால் உற்சாகம், சளி மிகுந்தால் மந்தம், மஞ்சள் பித்தம் மிகுந்தால் கோபம், கரும்பித்தம் மிகுந்தால் துக்கம் என்று நம்பினார்கள். மெலன்கொலி என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் கரும்பித்தம் என்றுதான் பொருள்.

நமக்கு இது புதிதல்ல. வாதம், பித்தம், கபம் என்று நம் நாட்டு வைத்தியர்களும் சொன்னார்கள். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாமும் பேசுகிறோம். இரண்டு மொழிகளும் மனத்தின் காரியத்தை உடலின் சொல்லால்தான் முதலில் பேசின. இன்றும் நம் பெரியவர்கள் நெஞ்சு பாரமாக இருக்கிறது, தலைக்குள் நெருப்பு எரிகிறது என்று சொல்லும்போது அது அறியாமை இல்லை. மிகப் பழைய ஒரு பேச்சு முறை அது.

வேதாகமத்தில் மாறிய ஒரு சொல்

அதே டெம்பரின் உறவுதான் டெம்பரன்ஸ். 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், கலாத்தியருக்கு எழுதின நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனிகளின் வரிசையில் கடைசியாக வருவது இந்தச் சொல். 1901-ல் அமெரிக்காவில் வெளியான திருத்திய பதிப்பு அதே இடத்தில் செல்ஃப் கொன்ட்ரோல் என்று போட்டது. இன்று நீங்கள் வாசிக்கும் பெரும்பாலான ஆங்கிலப் பதிப்புகளிலும் அதுதான் இருக்கிறது.

ஏன் மாறியது? இடையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. 1832-ல் வட இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லிவ்ஸி என்பவரும் அவரோடு ஆறு பேரும் இனிக் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். பஞ்சாலைகளில் உழைத்தவர்களின் வாரக்கூலி குடிக்கடைகளில் கரைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த இயக்கம் நாடெங்கும் பரவியது. முற்றாகக் குடிக்காதவரைக் குறிக்கும் டீடோட்டல் என்ற சொல் பிரெஸ்டனில்தான் பிறந்தது. 1841-ல் தோமஸ் குக் முதன்முதலாக ரயிலில் ஒரு கூட்டத்தை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு அழைத்துச் சென்றதும் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகத்தான். டெம்பரன்ஸ் என்றால் மதுவிலக்கு என்றே ஆங்கிலேயர் மனதில் பதிந்துவிட்டது. கோபத்திலும் உணவிலும் பேச்சிலும் நிதானம் என்ற பரந்த பொருள் சுருங்கிப்போனது.

மூலமான கிரேக்கச் சொல் எங்கிராட்டேயா. அதன் நடுவில் இருக்கும் கிராட்டோஸ் என்பதற்கு வல்லமை, ஆளுகை என்று பொருள். டெமொக்கிரசி என்ற சொல்லில் இருப்பதும் அதே வேர்தான். நம் பழைய தமிழ் வேதாகமம் இதை இச்சையடக்கம் என்கிறது. கத்தோலிக்க சகோதரர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு தன்னடக்கம் என்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. இச்சையடக்கம் என்றால் எதை அடக்குவது என்று தெரிகிறது. தன்னடக்கம் என்றாலோ பணிவு என்றும் நாம் புரிந்துகொள்கிறோம். பரிசு வாங்கியும் பெருமை பேசாதவரை அடக்கமானவர் என்கிறோம். அதே அடக்கம்தான் கல்லறையில் வைப்பதற்கும் நம் சொல். ஒரே சொல்லுக்குள் எத்தனை அறைகள் பாருங்கள். பேரனின் வேலை எவ்வளவு கடினமானது என்று இப்போது விளங்குகிறதா?

சங்கிலியும் தேநீரும்

கட்டுப்படுத்துவது என்பதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல் ரெஸ்ட்ரெயின்ட். வைத்தியசாலையில் இதைச் சொன்னால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது நோயாளியைக் கையாலோ பட்டியாலோ பிடித்து வைப்பது. அதற்கும் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

லண்டனில் 1247-ல் தொடங்கிய பெத்லெம் மடம் பிறகு மனநோயாளர் வைத்தியசாலையாக மாறியது. அதன் பெயர் மருவித்தான் கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் பெட்லம் என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அந்தக் காலத்து மனநோய் இல்லங்களில் சங்கிலி சாதாரணம். 1790-ல் யோர்க் நகரத்து இல்லம் ஒன்றில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் சபைப் பெண் இறந்தார். அவரைப் பார்க்கப்போன சபையாரை உள்ளே விடவில்லை. இதைக் கேட்டு வருந்திய வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி, தன் சபையாரோடு சேர்ந்து 1796-ல் ரிட்ரீட் என்ற இல்லத்தை யோர்க்கில் திறந்தார். அங்கே நோயாளிகள் தோட்டத்தில் வேலை செய்தார்கள், நல்ல உடை உடுத்தித் தேநீர் விருந்தில் உட்கார்ந்தார்கள். மரியாதையாக நடத்தினால் நோயாளிக்குள்ளேயே தன்னை ஆளும் பலம் எழும் என்பது அவர்களின் நம்பிக்கை. அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813-ல் இதைப் புத்தகமாக எழுதிய பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் கவனித்தன.

மேற்கு லண்டனில் சவுத்ஹோலுக்கும் ஈலிங்குக்கும் நடுவே ஹன்வெல் இருக்கிறது. நம்மில் பலர் பஸ்ஸில் கடந்துபோகும் இடம். அங்கே 1831-ல் திறந்த பெரிய மனநோய் இல்லத்துக்கு 1839-ல் ஜோன் கொனொலி என்ற வைத்தியர் பொறுப்பேற்றார். சில மாதங்களுக்குள் சங்கிலிகளையும் பட்டிகளையும் கழற்றிவிட்டார். அதற்குச் சற்று முன்னே லிங்கன் நகரில் ரொபர்ட் கார்டினர் ஹில் இதைச் செய்து காட்டியிருந்தார். ஆனால் ஏறத்தாழ 800 பேர் இருந்த ஒரு பெரிய இல்லத்திலும் இது முடியும் என்று நாட்டுக்கு நிரூபித்தது ஹன்வெல்தான். வெளியே இருந்து கட்டுவது ஒன்று, உள்ளே இருந்து ஆள்வது வேறு. ரெஸ்ட்ரெயின்ட் என்ற சொல்லுக்கு முன்னால் செல்ஃப் என்று ஒரு சிறு சொல் சேர்வதற்குள் இத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது.

இதில் நம்மை நிறுத்திய ஒரு சொல் உண்டு. ஹன்வெல் இல்லத்துக்கு அன்றைய பெயர் அசைலம்.

இந்தச் சொல் தெரியாத ஈழத்தமிழ்க் குடும்பம் லண்டனில் இருக்குமா? 1983 ஜூலைக்குப் பின் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதலில் தெரிந்த ஆங்கிலச் சொல்லே அதுதான். "அவர் அசைலம் அடிச்சு வந்தவர்" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்வோம். பிடித்துக்கொண்டு போக முடியாதது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. துரத்தப்பட்டவன் ஓடிவந்து ஒதுங்கும் இடம். மனநோயாளருக்கும் அப்படி ஒரு புகலிடம் வேண்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் அந்தப் பெயரை வைத்தார்கள். காலப்போக்கில் இல்லங்கள் நெரிசலாகி, மதில்கள் உயர்ந்து, பெயரே பயமுறுத்துவதாக ஆனது. 1930-ல் பிரித்தானியச் சட்டம் அசைலம் என்ற பெயரை நீக்கி மனநல வைத்தியசாலை என்று மாற்றியது. ஹன்வெல்லின் பழைய மதில் இன்றும் கால்வாயோரம் நிற்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாமி சொன்னார்: "அப்ப நாங்களும் அவையளும் ஒரே பேரிலதான் வந்து ஒதுங்கியிருக்கிறம்." அதற்குமேல் நாங்கள் எந்த விளக்கமும் சொல்லவில்லை. மனநோய் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

இரும்புக் கம்பியும் இனிப்பும்

அடக்கமில்லாதவன் என்றால் குணமில்லாதவன் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம். அமெரிக்காவில் நடந்த இரண்டு காரியங்கள் அதை மறுபடி யோசிக்க வைக்கின்றன.

1848 செப்டெம்பரில், வெர்மொன்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்த பினியஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளரின் தலையை, வெடியில் எழும்பிய இரும்புக் கம்பி ஒன்று துளைத்துச் சென்றது. அதன் நீளம் மூன்றரை அடிக்கு மேல். அவர் பிழைத்துக்கொண்டார். பேசினார், நடந்தார். ஆனால் பொறுமைசாலியாக இருந்தவர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராக, எடுத்த முடிவில் நிற்காதவராக மாறினார் என்று அவரைக் கவனித்த வைத்தியர் ஜோன் ஹார்லோ எழுதினார். பிற்காலத்தில் கேஜ் சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். ஓரளவு தேறியிருந்தார் என்பதற்கு அது அடையாளம். மூளையின் முன்பகுதிக்கும் தன்னடக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இந்தச் சம்பவத்தை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். பக்கவாதம் வந்த ஒரு நல்ல மனிதர் திடீரென்று மனைவியைத் திட்டுவதை வார்டில் நாங்கள் பார்க்கிறோம். குறிப்பேட்டில் அதற்கு டிஸ்இன்ஹிபிட்டட் என்று எழுதுவோம். கடிவாளம் அவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். "அவர் கெட்டுப்போகவில்லை அம்மா, மூளையில் அந்த இடம் காயப்பட்டிருக்கிறது" என்று மனைவிக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் ஆறுதலைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, உங்களில் பலர் கேள்விப்பட்ட மார்ஷ்மெல்லோ பரிசோதனை. இதைச் செய்த வோல்ட்டர் மிஷெல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938-ல், 8 வயதில், நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு வெளியேறி, பிறகு நியூயோர்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். நம் அப்பாமாரைப்போல அவரும் புகலிடம் தேடிப் போனவர்தான். 1960-களின் இறுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் பிள்ளைகளின் முன்னால் ஒரு இனிப்பை வைத்தார். இப்போதே சாப்பிடலாம், காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் நன்றாக வந்தார்கள் என்ற முடிவு உலகமெங்கும் பரவியது. டிலேய்ட் கிராட்டிஃபிகேஷன் என்ற சொற்றொடரும் பிரபலமானது. பலன் பிறகு கிடைக்கட்டும் என்று இப்போது பொறுத்திருப்பது என்று அதன் பொருள்.

கதை அதோடு முடியவில்லை. 2013-ல் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளிடம் இதை வேறு விதமாகச் செய்தார்கள். பாதிப் பேருக்கு முதலில் ஒரு பெரியவர் வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றினார். மற்றவர்களுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றினார். அதன்பின் இனிப்பை வைத்தபோது, ஏமாறாத பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது அந்தப் பழைய தொடர்பு பெருமளவு குறைந்துபோனது. பொறுமை, நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் வளர்கிறது. வாக்குகள் முறிந்த நாட்டிலிருந்து வந்தவர், கையில் கிடைத்ததை இறுகப் பிடித்துக்கொண்டால் அவரைப் பலவீனர் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் செய்யக்கூடியது

தம்பி தங்கைகளே, நம் சபையில் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கள் நீங்கள். அதனால் சில காரியங்களைக் கேட்கிறோம்.

வைத்தியரிடம் பெரியவர்களுக்காகப் பேசும்போது "மெண்டல்", "மேட்", "நோ கொன்ட்ரோல்" என்ற சொற்களை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தார் வருத்தம் என்றால் அது நோய். தமிழ்நாட்டார் வருத்தம் என்றால் அது கவலை. எது என்று கேளுங்கள். விசர் என்றால் பல நேரம் எரிச்சல்தான். டென்ஷன் என்று நம்மவர் சொல்வது ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ். சீனி வருத்தக்காரரான அப்பப்பா லட்டு சாப்பிட்டுவிட்டார் என்றால் அவருக்கு செல்ஃப் கொன்ட்ரோல் இல்லை என்று சொல்லவேண்டாம். இனிப்பைக் கண்டால் விலகுவது அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு ரெஸிஸ்ட் என்று அவருக்காகச் சொல்லுங்கள். முதல் பேச்சு ஆளைக் குற்றஞ்சாட்டுகிறது. இரண்டாவது உதவி கேட்கிறது.

வகுப்பில் பெரியவர்களுக்கு மிகப் பிடித்த தொடர் அட் தி எண்ட் ஒஃப் மை டெதர். டெதர் என்றால் மாட்டை மேயக் கட்டும் கயிறு. கயிறு முடியும் மட்டும் மேய்ந்தாயிற்று, இனி ஒரு அடியும் நகர முடியாது. ஊரில் மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. "இது எங்கட சொல்லுத்தானே!" என்றார் ஒருவர். மனதுக்குள்ளேயே பூட்டி வைப்பதற்கு பொட்டில் அப் என்கிறார்கள், போத்தலில் அடைப்பது. அடைத்த போத்தல் ஒருநாள் வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

இன்னொன்று முக்கியம். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், பணம் கட்டத் தேவையில்லை. அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேளுங்கள். அம்மம்மாவின் துக்கத்தைச் சுமக்க 13 வயதுப் பிள்ளையை அனுப்பவேண்டாம்.

மொழி கற்பது ஒருவழிப் பாதையும் இல்லை. 1847-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழிலேயே. அதற்காக அவர் தமிழ் கற்றார், மருத்துவச் சொற்களைத் தமிழில் தேடிச் சேர்த்தார், உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்க வைத்தார். நோயாளியின் மொழியில் பேசாத வைத்தியம் பாதி வைத்தியம் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்தக் கடனை நாம் இந்த ஊரில் திருப்பிச் செலுத்தலாம்.

அந்த அம்மம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். வகுப்பில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். பிறகு மறுபடி வைத்தியரிடம் போனார், இம்முறை மொழிபெயர்ப்பாளரோடு. ஆனால் உள்ளே போனதும் மொழிபெயர்ப்பாளரைக் கையமர்த்திவிட்டு, தானே மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னாராம். என் கணவர் இறந்துவிட்டார். எனக்கு அழுகை நிற்பதில்லை. எனக்கு உதவி வேண்டும்.

வைத்தியர் பேனையை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாராம். இப்போது துக்க ஆலோசனைக்கு ஒழுங்காகப் போகிறார், குளிசையும் எடுக்கிறார். சனிக்கிழமை வகுப்பில் முன்வரிசையில் இருப்பவர் அவர்தான். பேரனும் வருகிறான், தமிழ் எழுதப் பழக.

நீங்களும் வாருங்கள். நாற்காலிகள் அடுக்க ஆட்கள் தேவை.